டபரா அகல வெள்ளிக் காசுகள்: விலை நிற்குமா?

கேள்வி: நான் ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. நியூ ஜெர்சியில் இருந்த என் அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். போன மார்கழியில் ஊருக்கு வந்த அண்ணி, அவர் சேர்த்து வைத்திருந்த பத்து வெள்ளி நாணயங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கஸ்டம்ஸில் காட்டி வரி கட்டிய ரசீதும் இருக்கிறது. ஒவ்வொரு காசும் காபி டபராவின் வாய் அகலம். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் படம் போட்டது. ஐந்து காசுகள் 2010-ஆம் வருடத்தவை, மற்றவை 2011, 2012. சிலவற்றுக்குப் பெட்டியும் சான்றிதழும் இருக்கின்றன, சில வெறும் பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. ‘லிமிடெட் எடிஷன் அத்தை, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் போகும்’ என்கிறார் மாப்பிள்ளை. ‘பழைய வெள்ளிதானே, நூற்றுக்கு இருபத்தைந்து கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார் நகைக்கடைக்காரர். இதற்கிடையில் இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஒரு கிலோ எடையுள்ள வெள்ளி நாணயம், உலகத்திலேயே 500 தானாம். விலை, அன்றைய வெள்ளி விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேத்திக்கு வாங்கி வைக்கலாமா என்று ஆசையாக இருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய காசுகள் விலை நிற்குமா?

பின்குறிப்பு: இரண்டு காசு கறுத்திருக்கிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: டீச்சர், பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை தயவுசெய்து விபூதி டப்பாவைத் திறக்காதீர்கள்.

நான் 26 வருடமாக நாணயம் வாங்கி விற்கிறவன். மதிப்புப் போட்டுக் கொடுப்பதும் தொழில்தான். எனவே வியாபாரி சொல்வது என்ற சந்தேகத்தோடேயே படியுங்கள், தப்பில்லை. என் கணக்கில் மாப்பிள்ளையும் தப்பு, நகைக்கடைக்காரரும் தப்பு. உங்கள் பத்து காசில் இருக்கும் வெள்ளி முழு மதிப்போடு நிற்கும். அதற்கு மேல் ‘பெரிசு’, ‘லிமிடெட்’ என்பதற்காக அண்ணன் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. ஒன்றிரண்டு காசு விதிவிலக்காக இருக்கலாம், அதைத் தேடிப் பார்ப்போம். விளம்பரத்தில் பார்த்த கிலோ நாணயத்தை வாங்க வேண்டாம்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க அரசு 2010 முதல் 2021 வரை ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ என்ற வரிசையில் 56 கால் டாலர் நாணயங்களை வெளியிட்டது. வருடத்துக்கு ஐந்து பூங்கா, கடைசி வருடம் ஒன்றே ஒன்று. சில்லறையாகப் புழங்கும் சாதாரண கால் டாலர் 24 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதே படத்தை மூன்று அங்குலத்துக்குப் பெரிதாக்கி, ஐந்து டிராய் அவுன்ஸ், அதாவது 155.5 கிராம் சுத்த வெள்ளியில் அடித்ததுதான் உங்களிடம் இருப்பது. முகத்தில் கால் டாலர் என்றுதான் போட்டிருக்கும். அதை யாரும் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கப்போவதில்லை. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் 999 வெள்ளி, ஐந்து அவுன்ஸ் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. பளபளவென்று இருப்பது முதலீட்டுக்காக வெள்ளி விலையை ஒட்டி விற்ற வகை. மணல் வீசியதுபோல மங்கலாக, வெண்மையாக இருப்பது சேகரிப்பவர்களுக்கென்று அடித்தது. அதில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து சின்னதாக இருக்கும். பிலடெல்பியா அக்கசாலையின் (காசு அடிக்கும் ஆலை) குறி அது. இரண்டு வகையும் அங்கேதான் அடிக்கப்பட்டன, ஆனால் எழுத்து மங்கல் வகைக்கு மட்டும்தான். பெட்டியும் சான்றிதழும் இருப்பவை அநேகமாக இந்த இரண்டாவது வகையாக இருக்கும். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பத்தையும் இரண்டு வரிசையாகப் பிரித்து வையுங்கள்.

இனி உங்கள் பாடம். கணக்குக்குச் சௌகரியமாக வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (2025 டிசம்பரில் கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. நீங்கள் விற்கிற அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு காசு 31,100 ரூபாய். பத்து காசு 3,11,000. நகைக்கடைக்காரர் சொன்ன இருபத்தைந்து சதவீதக் கழிவு என்பது 77,750 ரூபாய். கொலுசுக்கும் அரைஞாண் கொடிக்கும் கழிப்பதை இதற்கும் கழிக்கிறார். பழைய கொலுசில் பற்றவைப்பு இருக்கும், அழுக்கு இருக்கும், ‘டச்’, அதாவது வெள்ளியின் சுத்தம், நூற்றுக்கு எழுபதோ எண்பதோ இருக்கும். கழிப்பது நியாயம். உங்கள் காசு 999. அதில் கழிக்க எதுவும் இல்லை. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். இப்படி ஒரு பொருளை அவர் பார்த்தே இருக்க மாட்டார், பயம்தான் காரணம். ஆனால் அவருடைய பயத்துக்கு நீங்கள் எழுபத்தேழாயிரம் கட்ட வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் கணக்கு வேறு மாதிரி. அவரிடம் பழைய பட்டுப்புடவையைப் பற்றிக் கேளுங்கள். தெருவில் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று கூவிக்கொண்டு வருபவர் புடவையை விரித்தால் எங்கே பார்ப்பார்? முந்தானையையும் கரையையும்தான். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்பதே அவர் கவலை. நெய்தவர் எத்தனை நாள் தறியில் உட்கார்ந்தார், மயில் கழுத்து நிறம் எவ்வளவு அபூர்வம், எதுவும் விலையில் சேராது. ஆனால் வாங்கும்போது அத்தனைக்கும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். பெரிய வெள்ளி நாணயத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். வெள்ளி விலை ஒரு பங்கு. அடித்த கூலி, பெட்டி, சான்றிதழ், விளம்பரம், வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கைத்தான் எங்கள் தொழிலில் பிரீமியம் என்கிறோம். விற்கப் போகும்போது அந்தப் புடவையை உடுத்த ஆசைப்படும் ஒருத்தி எதிரில் நின்றால் பிரீமியம் பிழைக்கும். ஜரிகை வாங்குபவர் மட்டும் நின்றால் போச்சு.

2010 காசுகளைச் சுற்றி நடந்ததைச் சொன்னால் இது இன்னும் புரியும். முதல் வருடம் ஒவ்வொரு பூங்காவின் காசிலும் ஒரு லட்சம் அடிப்பதாகத் திட்டம். கடைசியில் 33,000 தான் அடிக்க முடிந்தது. அவ்வளவுதான், டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரே களேபரம். மொத்த வியாபாரிகள் வெள்ளி விலைக்கு மேல் தாறுமாறாக விலை வைக்கத் தொடங்கினார்கள். அக்கசாலை விற்பனையை நிறுத்திவைத்து, இத்தனை சதவீதத்துக்கு மேல் லாபம் வைக்கக்கூடாது, வீட்டுக்கு ஒன்று என்று நிபந்தனை போட்டது. நம் ரேஷன் கடைபோலத்தான். உங்கள் அண்ணனிடம் 2010-ன் ஐந்து காசுகள் இருப்பதைப் பார்த்தால் அந்த வரிசையில் அவரும் நின்றிருக்கிறார் என்று தோன்றுகிறது. அடுத்த வருடம் என்ன ஆயிற்று? 2011-ன் முதல் இரண்டு பூங்காக்களில் ஒவ்வொன்றிலும் 1,26,700 அடித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. களேபரம் அடங்கியது.

33,000 குறைவா? குறைவுதான். ஆனால் ஐம்பத்தாறு காசையும் விடாமல் சேர்க்க நினைப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அடுத்த கேள்வி. மொத்த வரிசையையும் சேர்க்க 280 அவுன்ஸ் வெள்ளி வாங்கியாக வேண்டும். எட்டே முக்கால் கிலோ. சம்பளக்காரர் சேர்க்கிற விஷயமா அது? ஒரு பையன் தபால்தலையோ சில்லறையோ சேர்க்கத் தொடங்குவதுபோல இதில் யாரும் தொடங்குவதில்லை. வெளியிட்ட எண்ணிக்கை குறைவாக இருந்தும், கேட்கிறவர்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடே இல்லை.

இப்போது மங்கல் வகையின் கதை. 2010 வரிசையில் முதல் காசு ஹாட் ஸ்பிரிங்ஸ் பூங்கா. ஒவ்வொரு பூங்காவிலும் 27,000 தான். ஹாட் ஸ்பிரிங்ஸ் காசை அக்கசாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2011 ஏப்ரல் 28 அன்று. விலை 279 டாலர் 95 சென்ட். தேதியைக் கவனியுங்கள். வெள்ளி அவுன்ஸ் 48 டாலரைத் தொட்டு உச்சியில் நின்ற வாரம் அது. காசில் இருந்த வெள்ளியே 240 டாலர். ஆக பிரீமியம் நாற்பது டாலர்தான், அதிகம் இல்லை. அப்படியும் வாங்கியவர்கள் கதி என்ன? 2013 கடைசியில் வெள்ளி இருபது டாலருக்குக் கீழே போனது. 2015 டிசம்பரில் பதினான்கு டாலர் பக்கம். 280 கொடுத்து வாங்கிய காசில் எழுபது டாலர் வெள்ளி. அவுன்ஸ் 56 டாலர் ஆனால்தான் அந்தக் காசின் வெள்ளி அவர் கொடுத்த விலையை எட்டும். அது நடந்தது 2025 நவம்பர் கடைசியில். பதினான்கரை வருடம்.

ரூபாயில் பார்த்தால் இவ்வளவு மோசமாகத் தெரியாது. 2011 ஏப்ரலில் டாலர் 45 ரூபாய்க்குள் இருந்தது, 2025 கடைசியில் 90-ஐ ஒட்டி நின்றது. எனவே ரூபாய்க் கணக்கில் காசு இரட்டிப்பாகியிருக்கிறது. 72-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள் டீச்சர் (பணம் இரட்டிப்பாகும் வேகத்தைக் காணும் குறுக்கு வழி), வருடத்துக்கு ஐந்து சதவீதம் வரும். அதே 2011-ல் நம் வங்கிகள் வைப்புநிதிக்கு அதைவிட அதிகமாகவே கொடுத்தன. ‘பத்து வருடத்துக்கு முன் வாங்கினேன், இன்று இரண்டு மடங்கு’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் வெள்ளி ஏறியது எவ்வளவு, ரூபாய் இறங்கியது எவ்வளவு, காசுக்கென்று ஏறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பங்கு பெரும்பாலும் சுழியாக இருக்கும்.

இன்னொரு விஷயம், வெள்ளி மளமளவென்று ஏறும்போது பிரீமியம் தானாகக் கரையும். வெள்ளி மலிவாக இருந்த காலத்தில் ஐந்து அவுன்ஸ் காசுக்கு வெள்ளிக்கு மேல் ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பவர், வெள்ளியே முப்பதாயிரம் ஆகும்போது அந்த ஐயாயிரத்தைக் கொடுக்கத் தயங்குவார். விற்க வருபவர்கள் கூட்டமாக வருவார்கள். வியாபாரியின் பணம் முழுக்கச் சரக்கில் மாட்டியிருக்கும். அப்போது அவர் வெள்ளி விலைதான் கொடுப்பார், சில நாள் அதற்கும் கீழே. நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாதி அனுபவம் என் சொந்தச் செலவில் கிடைத்தது. அதே 2011 ஏப்ரலில் நானும் ஒரு கிலோ நாணயம் வாங்கினேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் அக்கசாலை அடிக்கும் குக்கபரா. நம் மீன்கொத்தியின் உறவுக்காரப் பறவை. பத்து சென்டிமீட்டர் அகலம், கையில் எடுத்தால் ஊத்தப்பக்கல் மாதிரி கனம். முகமதிப்பு 30 ஆஸ்திரேலிய டாலர். வெள்ளி அப்போது இங்கே கிலோ எழுபதாயிரத்தை ஒட்டி இருந்தது, நான் கொடுத்தது 95,000. அழகுக்காக வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். விலை ஏறும் என்று மனதுக்குள் நினைத்தேன்.

2014 கடைசியில் கடைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. நாணயக் கண்காட்சியில் மேசையில் வைத்தேன். இரண்டு நாளில் நூறு பேராவது தொட்டுப் பார்த்திருப்பார்கள், நாலு பேர் அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். விலை கேட்டவர் ஒருவர். கடைசியில் சௌகார்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரியிடம் எடுத்துப் போனேன். அவருடைய தராசுத் தட்டில் அப்போதுதான் யாரோ கொட்டிவிட்டுப் போன அறுந்த கொலுசுகள் கிடந்தன. அதைத் தள்ளிக்கூட வைக்காமல், அதன் எடையைக் குறித்துக்கொண்டு, அதன் மேலேயே என் குக்கபராவை வைத்தார். 36,000 சொச்சம் எண்ணிக் கொடுத்தார். வெள்ளி இறங்கியதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் மேலே போட்ட 25,000 எங்கே போனது என்றால், அந்தக் கொலுசுகளுக்கு மேல் காசை வைத்தாரே, அந்த நொடியில் போனது.

பெரிய காசில் இந்தச் சங்கடம் ஏன் அதிகம்? ஒற்றைத் துண்டின் விலை கூடக் கூட, அதை வாங்கக்கூடியவர்கள் குறைகிறார்கள். ஆல்பத்தில் அடங்காது, பெட்டகத்தில் இடம் அடைக்கும், காப்பீட்டோடு கூரியரில் அனுப்ப நல்ல செலவு. பெரிய முகம் என்பதால் சின்னக் கீறலும் பளிச்சென்று தெரியும். பால் தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் வரும், அது வெள்ளி நாணயங்களுக்கே உள்ள நோய், அக்கசாலையிலேயே தொடங்குவது. அப்புறம் கனம் கூடினால் உள்ளே வேறு உலோகம் இருக்குமோ என்ற சந்தேகம். கடைகளில் வைத்திருக்கும் ‘கம்ப்யூட்டர் டச்’ இயந்திரம் மேல்தோலைத்தான் படிக்கும். நடுவில் செம்பு இருந்தால் அதற்குத் தெரியாது. ‘அறுத்துப் பார்க்கலாமா?’ என்று கேட்பார்கள். அறுத்த பிறகு அது நாணயம் இல்லை.

சரி, விலை நின்றவை எதுவுமே இல்லையா? இருக்கின்றன. உங்கள் 2012 காசுகளில் ‘ஹவாய் வால்கனோஸ்’ பூங்கா இருக்கிறதா என்று பாருங்கள். எரிமலை குமுறும் படம். அது மங்கல் வகையாக, ‘பி’ எழுத்தோடு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். விற்றது 15,000-க்கும் குறைவு. முழு வரிசையைச் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் கடைசியில் இடிப்பது இந்த ஒன்றுதான் என்பதால் பல வருடங்களாக மற்றவற்றைவிடக் கணிசமாக அதிக விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை மட்டும் இங்கே வெள்ளியாக விற்றுவிடாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் அங்கேயே ஏலத்தில் விற்பது நல்லது. அதே எரிமலைக் காசு பளபள வகை என்றால் அவ்வளவு விசேஷம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ‘வெறும் இத்தனைதான்’ என்று தம்பட்டம் அடித்து விற்ற 2010 காசு அடங்கிப்போனது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விற்பனை மந்தமாக இருந்த வருடத்துக் காசு தேடப்படுகிறது. நம் ஊர்க் காசிலும் இதே கதை உண்டு. ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட 1939-ஆம் வருட ஒரு ரூபாய். முப்பது மில்லிமீட்டர் அகலம், ஒரு தோலா எடை. உள்ளே இருக்கும் வெள்ளி பத்தரை கிராம் சொச்சம்தான். நல்ல நிலையில் இருந்தால் லட்சங்களில் பேசுவார்கள். அடிக்கும்போது யாரும் அதை அபூர்வம் என்று சொல்லவில்லை. 1940-ல் ரூபாயில் வெள்ளியின் பங்கை ஐம்பது சதவீதமாகக் குறைத்தார்கள், அதற்கு முந்தைய நல்ல வெள்ளி ரூபாய்கள் உருக்கும் உலைக்குப் போயின. தப்பியவை கொஞ்சம். (உங்கள் வீட்டுப் பூஜைப் பெட்டியில் ஒன்று கிடந்தால் உடனே துள்ளாதீர்கள். போலிகள்தான் அதிகம்.)

வாங்குகிற கை பெருகினாலும் விலை ஏறும். சீனா 1983-ல் அடித்த பாண்டா வெள்ளி நாணயம் 27 கிராம், பத்தாயிரம் மட்டுமே. பல வருடம் அது ஒரு மூலையில் கிடந்தது. சீனர்கள் கையில் பணம் புரண்ட பிறகு, தங்கள் நாட்டுக் காசைத் தாங்களே தேடி வாங்கத் தொடங்கினார்கள், விலை எகிறியது. கவனியுங்கள், இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் காசுகள்.

இந்த இடத்தில் தஞ்சைப் பெரிய கோவில் நாணயத்தைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அடுத்த கடிதத்தில் யாராவது கேட்பார்கள். கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக இந்திய அரசு அடித்த ஆயிரம் ரூபாய் நாணயம் 44 மில்லிமீட்டர், 35 கிராம். அதில் 80 சதவீதம் வெள்ளி, அதாவது 28 கிராம். நம் அளவுக்கு அதுவே பெரிய காசு. நான் மேசை போடும் கண்காட்சிகளில் எல்லாம் அதைக் கேட்டு யாராவது வருகிறார்கள். ராஜராஜன் மேல் இருக்கும் பாசம்தான் அதற்குப் பிரீமியம். இதே அளவில், இதே எடையில் வந்த வேறு சில நினைவு நாணயங்களில் பாதிதான் வெள்ளி. 2023-ல் புதிய நாடாளுமன்றத்துக்காக வந்த 75 ரூபாய் நாணயம் அப்படிப்பட்டது, 35 கிராமில் பதினேழரை கிராம்தான் வெள்ளி தேறும். ரிசர்வ் வங்கியின் தொண்ணூறாம் ஆண்டுக்கு 2024-ல் வந்த 90 ரூபாய் நாணயமோ 40 கிராம் சுத்த வெள்ளி. ‘இந்திய அரசின் வெள்ளி நாணயம்’ என்று பொதுவாகச் சொல்லி விற்பவரிடம் முதல் கேள்வியாக ‘எத்தனை கிராம், எத்தனை சதவீதம்?’ என்று கேளுங்கள்.

இப்போது அந்த விளம்பரம். நீங்கள் படத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ஒரு பசிபிக் தீவு நாட்டின் பெயர் இருக்கிறது. அது பொய் இல்லை. நியுவே, குக் தீவுகள், துவாலு போன்ற நாடுகள் தங்கள் பெயரில் நாணயம் அடிக்க வெளி அக்கசாலைகளுக்கு அனுமதி கொடுக்கின்றன. சட்டப்படி அது நாணயம்தான். ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் அதைச் சேகரிப்பதில்லை, அங்கே ஆளே கொஞ்சம். 500 என்பது அந்த ஒரு படத்துக்கு மட்டும். அதே படத்தில் வண்ணம் தீட்டியது 500, தங்க முலாம் பூசியது 500, பழசுபோல் கறுப்பாக்கியது 500 என்று வரும். அடுத்த வருடம் வேறு படம். இப்படி எத்தனை 500 வேண்டுமானாலும் போடலாம். 1970-களில் அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் இதைப்போல வரையறுத்த வெள்ளிப் பதக்கங்களை மாதச் சந்தாவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியது. 1980-ல் வெள்ளி ஐம்பது டாலர் பக்கம் போனபோது ஏராளமானவை உருக்கப்பட்டன. மிஞ்சியவை இன்றும் பெரும்பாலும் எடைக்குத்தான் போகின்றன.

நீங்கள் வெள்ளியைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால், வெள்ளி இரட்டிப்பாகும் வரை உங்களுக்கு லாபம் இல்லை. மூன்று சதவீத ஜிஎஸ்டி வேறு, அது விற்கும்போது திரும்பாது. பேத்திக்கு வெள்ளி சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் அதே பணத்தில் 999 பார் ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். வீட்டில் வைக்கப் பயம் என்றால் பங்குச் சந்தையில் பங்குபோல வாங்கும் வெள்ளி நிதியான ஈடிஎஃப் இருக்கிறது. பேத்திக்கு ஆசையாகக் கையில் கொடுக்க ஒன்று வேண்டும் என்றால், தஞ்சைக் கோவில் காசு ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒருநாள் கோவிலுக்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள். அதில் கொஞ்சம் பணம் போனாலும் மனசு ஆறும்.

சரி, விற்பது எப்படி? அவசரம் இல்லை என்றால் விற்கவே வேண்டாம், வெள்ளியாக இருக்கட்டும். விற்பதென்றால் முதலில் உங்களுக்கே நிச்சயம் வேண்டும். பெட்டியோடு இருப்பவற்றைத் தொட வேண்டாம். வெறும் உறையில் இருக்கும் காசில் ஒன்றை எடுத்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சமையல் தராசில் எடை பாருங்கள். 155.5 காட்ட வேண்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கேன் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டுத் தொங்கவிட்டு, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுக்கத் தண்ணீருக்குள் இறக்குங்கள். வாய் அகலமான டம்ளராக இருக்கட்டும். தராசு இப்போது ஒரு எண் காட்டும். சுத்த வெள்ளி என்றால் 14.8 பக்கம் இருக்க வேண்டும். ஏனென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 155.5-ஐ வெள்ளியின் அடர்த்தியான 10.49-ஆல் வகுத்தால் வருவது அது. செம்பாக இருந்தால் பதினேழுக்கு மேல் போகும், இரும்பு என்றால் இருபதைத் தொடும். ஆர்க்கிமிடிஸை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள், இப்போது அடுக்களையில் நடத்துங்கள். முடிந்ததும் தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து உறையில் போடுங்கள். விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்து பின்னால் கறுக்கும்.

நகைக்கடைக்குப் போகாமல் வெள்ளிக் கட்டி வியாபாரம் செய்பவரிடம் போங்கள். திருச்சியிலேயே இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கலாம், சென்னை என்றால் இன்னும் நெருக்கமாகக் கொடுப்பார்கள். அன்றைய 999 விலையிலிருந்து ஓரிரண்டு சதவீதம் கழித்தால் ஒப்புக்கொள்ளலாம். ஐந்துக்கு மேல் கழித்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். 2010 காசுகள் ஐந்தும் ஐந்து வெவ்வேறு பூங்காவாக (ஹாட் ஸ்பிரிங்ஸ், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், மவுன்ட் ஹூட்) இருந்தால் பிரிக்காமல் ஒரு செட்டாகவே வைத்திருங்கள். செட்டாகக் கேட்பவர் அமெரிக்காவில் இன்னும் உண்டு. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. அண்ணனின் மனைவி வருமானவரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் வருவதால், அவர் கொடுத்த பரிசுக்கு உங்களுக்கு வரி இல்லை. விற்கும்போது லாபத்துக்கு உண்டு. அண்ணன் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 24 மாதத்துக்கு மேல் என்பதால் நீண்டகால லாபம், இப்போதைய விதிப்படி பன்னிரண்டரை சதவீதம். அண்ணியிடம் சொல்லி அண்ணனின் பழைய மின்னஞ்சலில் அக்கசாலை ரசீது கிடைக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதையும் கஸ்டம்ஸ் ரசீதையும் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

இனி விபூதி. போன வருடம் காரைக்குடியிலிருந்து ஒருவர் இதே வரிசைக் காசு ஒன்றோடு வந்தார். மங்கல் வகை, பெட்டியெல்லாம் இருந்தது. திறந்தால் உள்ளே கண்ணாடிபோல மின்னுகிறது. ஆயுத பூஜைக்கு அவருடைய அம்மா பற்பசை போட்டு நன்றாகத் தேய்த்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். மலையின் சரிவுகளெல்லாம் மழுங்கி, குங்குமம் எழுத்துகளின் இடுக்கில் சிவப்பாக நின்றது. ‘புதுசு மாதிரி ஆக்கிட்டாங்க சார்’ என்று அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அதை வெள்ளி விலைக்கு எடுத்துக்கொண்டேன். விபூதியும் பல்பொடியும் பாத்திரம் தேய்க்கும் தூளும் வெள்ளிமேல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தகம் படிந்தது, வெள்ளிக்கு அதனால் ஒன்றும் குறையாது. நாணயம் சேர்ப்பவர்களில் சிலர் அந்த நிறத்துக்காகவே கூடக் கொடுப்பார்கள். அந்த இரண்டையும் அப்படியே உறையில் விட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள் எதுவும் கூட வேண்டாம். கை பரபரக்கிறது என்றால் பூஜை அறையில் குங்குமச் சிமிழ் இருக்கும், அதை எடுத்துத் தேயுங்கள்.